ஒரே ஆன்டிபாடி, ஆளுக்கொரு தட்டணு எண்ணிக்கை

1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அழிந்து ரத்தக் கசிவோடு இருந்த ஒரு நோயாளியின் ரத்தத்தில் 500 மில்லியைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனது. தோலில் செம்புள்ளிகள் கிளம்பின. ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை தானாகவே மீண்டது. கோளாறு எலும்பு மஜ்ஜையில் மட்டும் இல்லை, ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது அன்று உறுதியானது. (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனைக்கு ஒப்புதல் தராது.) 1965இல் ஷுல்மனும் அவருடைய சகாக்களும் அந்த ஏதோ ஒன்று ஐஜிஜி வகை ஆன்டிபாடியைப் போலவே நடந்துகொள்கிறது என்று காட்டினார்கள்.

அதே 1965 வேலையில் இன்னொரு தகவலும் இருந்தது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நோயாளிகளின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஏற்றியபோது தட்டணு அந்த அளவுக்கு விழவில்லை. ஆன்டிபாடியில் மாற்றமில்லை; அதைப் பிடித்து விழுங்கும் இடம்தான் இல்லாமல் போனது. ஐடிபி எனப்படும் நோயெதிர்ப்புத் தட்டணுக் குறைவு நோயைப் பற்றிப் பேசும்போது நாம் ஆன்டிபாடியையே சுற்றிச் சுற்றி வருகிறோம். தட்டணுவின் தலையெழுத்தை எழுதுவதில் பாதிப் பங்கு விழுங்கும் செல்லுக்கு இருக்கிறது. அந்தச் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஏற்பிகள் மரபணு வழியாக ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. அந்த மாறுபாடு எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை, அதை அளப்பதில் ஏன் இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விழுங்கும் கை

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏழிலிருந்து பத்து நாள் வாழும். எந்த நேரத்திலும் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். ஐடிபியில் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது, தட்டணுவின் ஆயுள் மணிக்கணக்காகவும் சுருங்கலாம். ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தட்டணுவின் மேலிருக்கும் ஜிபி 2பி/3ஏ என்ற புரதத்தை அல்லது ஜிபி 1பி/9 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆன்டிபாடியின் வால் பகுதிக்கு எஃப்சி என்று பெயர். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மண்ணீரலின் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் தன் எஃப்சி காமா ஏற்பிகளால் அதைப் பற்றுகிறது. இந்த ஏற்பிகளில் 1, 2ஏ, 2பி, 2சி, 3ஏ, 3பி என்ற வகைகள் உண்டு; மேலே சொன்ன ஜிபி புரதங்களின் எண்களோடு இவற்றுக்குத் தொடர்பில்லை.

ஒரு வால் ஒரு ஏற்பியில் ஒட்டினால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பல வால்கள் அடுத்தடுத்துப் பல ஏற்பிகளை ஒன்றாக இழுத்துச் சேர்க்கும்போதுதான் செல்லின் உள்ளே ஐடாம் எனப்படும் பகுதி பாஸ்பேட் ஏறித் தூண்டப்படுகிறது. அங்கே சிக் என்ற நொதி வந்து அமர்கிறது, செல்லின் சட்டகம் நெளிகிறது, தட்டணு உள்ளே இழுக்கப்படுகிறது. எதிர்த்திசையில் ஒரே ஒரு ஏற்பி வேலை செய்கிறது: 2பி. அதன் உள்வாலில் ஐடாமுக்குப் பதிலாக ஐடிம் இருக்கிறது. அது சமிக்ஞையை அணைக்கிறது. ஆக, ஒரு மேக்ரோஃபேஜ் தட்டணுவை விழுங்குமா என்பது, எத்தனை ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது, தூண்டும் ஏற்பிகள் எவ்வளவு இறுகப் பிடிக்கின்றன, 2பி எவ்வளவு அணைக்கிறது என்ற மூன்றின் நிகர விளைவு.

எந்தச் செல்லில் எந்த ஏற்பி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வருவது எளிதாகும். மேக்ரோஃபேஜில் 1, 2ஏ, 2பி, 3ஏ இருக்கும். இயற்கைக் கொல்லி செல்லில் 3ஏ. சிலருக்கு 2சியும் உண்டு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவில் 2ஏ, 3பி. ஆன்டிபாடி உற்பத்திக்குப் பொறுப்பான பி செல்லில் 2பி மட்டும். தட்டணுவின் மேலேயே 2ஏ இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தைத் தரும்போது சிலருக்கு வரும் தட்டணுக் குறைவில் ரத்தம் உறைவதற்குக் காரணம் அந்த ஏற்பிதான்.

எழுத்துப் பிழை அளவு வேறுபாடு

2ஏ, 2பி, 2சி, 3ஏ, 3பி என்ற ஐந்து மரபணுக்களும் முதல் குரோமோசோமின் நீண்ட கையில், 1க்யூ23 என்ற இடத்தில், சுமார் இரண்டு லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பரிணாமத்தில் எப்போதோ சுமார் 82 ஆயிரம் எழுத்து கொண்ட ஒரு துண்டு இரட்டிப்பானதால் பிறந்த குடும்பம் இது. பின்னால் வரும் தலைவலிகள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான்.

அதிகம் ஆராயப்பட்டது 3ஏ. அதன் 158ஆம் இடத்தில் சிலருக்கு வேலின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு ஃபெனைல்அலனின். வேலின் உள்ள ஏற்பி ஐஜிஜியின் உட்பிரிவுகளான ஐஜிஜி1, ஐஜிஜி3 இரண்டையும் இறுகப் பிடிக்கும். ஐஜிஜி1ஐப் பொறுத்தவரை வித்தியாசம், ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐடிபியில் காணப்படும் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி1தான் முன்னணியில் நிற்பதால், வேலின் உள்ளவருடைய மேக்ரோஃபேஜ் அதே ஆன்டிபாடிக்கு அதிகத் தட்டணுக்களை விழுங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்டிபாடியின் வாலில் ஒரு சர்க்கரைக் கிளை உண்டு. அதில் ஃபியூகோஸ் என்ற ஒற்றைச் சர்க்கரை இல்லாமல் போனால் 3ஏயோடு பிணைப்பு பல மடங்கு ஏறும். மரபணு தரும் இரண்டு மடங்கை ஆன்டிபாடியின் சர்க்கரை எளிதில் விழுங்கிவிடும். தாயின் ஆன்டிபாடி கருவின் தட்டணுவைத் தாக்கும் நோயில் இப்படி ஃபியூகோஸ் குறைந்த ஆன்டிபாடிகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஏற்பியை மட்டும் அளந்துவிட்டு ஆன்டிபாடியின் சர்க்கரையை அளக்காத ஆய்வு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்பது என் கருத்து.

2ஏயின் 131ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் அல்லது ஆர்ஜினின். ஹிஸ்டிடின் உள்ள ஏற்பி ஐஜிஜி2ஐ நன்றாகப் பிடிக்கும். ஆர்ஜினின் உள்ளது அதைப் பெரும்பாலும் நழுவ விடும். இதைப் படித்தவுடன் ஒரு கேள்வி எழ வேண்டும்: ஐடிபியில் ஐஜிஜி1தானே முக்கியம், ஐஜிஜி2இல் தெரியும் வித்தியாசம் இங்கே எதற்கு? சரியான கேள்வி. குழந்தைகளின் ஐடிபியில் 131 ஹிஸ்டிடினும் 158 வேலினும் அதிகமாகக் காணப்பட்டதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. 2ஏக்கும் 3ஏக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் ஒன்றின் எழுத்து பரம்பரையில் மற்றதன் எழுத்தோடு சேர்ந்தே பயணிக்க வாய்ப்புண்டு. அப்போது 2ஏயில் தெரியும் தொடர்பு அண்டை வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். ஐந்து மரபணுக்களையும் ஒரே ஆளில் சேர்த்துப் பார்க்காத எந்த ஆய்விலும் இந்தச் சந்தேகம் தீராது.

2சி விசித்திரமான மரபணு. 2ஏயும் 2பியும் குறுக்கே மாறிக்கொண்டதில் பிறந்தது அது. வெளிப்பகுதி 2பியுடையது, உள்வால் 2ஏயுடையது. அதாவது, அணைக்கும் ஏற்பியின் முகமும் தூண்டும் ஏற்பியின் வாலும். பெரும்பாலானோரில் இது செத்த மரபணு: 57ஆம் இடத்தில் குளூட்டமின் வர வேண்டிய சிஏஜி என்ற குறியீடு டிஏஜி ஆகி, புரதம் அங்கேயே அறுந்துபோகிறது. சிறுபான்மையினருக்கு அந்த நிறுத்தக் குறி இல்லை. அவர்களுடைய செல்களில் ஒரு கூடுதல் தூண்டும் ஏற்பி முளைக்கிறது. 2008இல் நெதர்லாந்துக் குழு ஒன்று, உயிரோடிருக்கும் இந்த 2சி ஐடிபி நோயாளிகளிடம் அதிகம் என்று வெளியிட்டது. மொத்தத்தில் இந்தத் துறையில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது இந்தக் கண்டுபிடிப்புதான். காரணம், இரண்டு மடங்குப் பிணைப்பு மாதிரியான நுட்பமான விஷயம் இல்லை இது, ஒரு ஏற்பி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. இருந்தும் அதிலும் ஒரு கண்ணி உண்டு. நிறுத்தக் குறி இல்லாத சிலருக்கு, மரபணுவின் பின்பகுதியில் வெட்டி ஒட்டும் இடம் பழுதாகி, ஏற்பி செல்லின் மேல் வருவதே இல்லை. 57ஆம் இடத்தை மட்டும் படித்துவிட்டு "ஏற்பி உண்டு" என்று எழுதினால் தவறாகும்.

2பியில் 232ஆம் இடம். அங்கே ஐசோலூசினுக்குப் பதில் த்ரியோனின் வந்தால் ஏற்பி செல்சவ்வின் கொழுப்புத் திட்டுகளுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கும். அணைக்கும் வேலை நடக்காது. இந்த மாறுபாடு இரண்டு பக்கமும் வெட்டும்: மேக்ரோஃபேஜ் கூடுதலாக விழுங்கும், பி செல் கூடுதலாக ஆன்டிபாடி உற்பத்தி செய்யும். லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு. மலேரியாவுக்கு எதிராகப் பாதுகாப்பு தருவதால் ஆப்பிரிக்க, ஆசிய மக்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம் காணப்படுகிறது. 2சியின் உயிருள்ள வடிவமோ கிழக்காசியர்களிடம் அரிது. ஒரு நாட்டில் கண்ட தொடர்பை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

3பி நியூட்ரோஃபிலோடு நின்றுவிடுவதால் தட்டணுவைப் பொறுத்தவரை சுருக்கமாகக் கடக்கலாம். ஒன்று மட்டும்: 3பியும் 2சியும் அடங்கிய துண்டு சிலரில் ஒரு நகல் காணாமல் போகிறது, சிலரில் கூடுகிறது. காணாமல் போகும்போது 2பியின் முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி மாறி, வழக்கமாக 2பி இல்லாத இயற்கைக் கொல்லி செல்களிலும் 2பி தோன்றும். ஒரு மரபணுவின் நகல் குறைந்தால் இன்னொன்று புது இடத்தில் முளைக்கும் குடும்பம் இது.

சோதனைக் குழாயில் நடக்கும் கூத்து

இப்போது சிக்கலுக்கு வருவோம். 3ஏயும் 3பியும் சுமார் 98 சதவீதம் ஒன்றே. 2பியும் 2சியும் வெளிப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றே. 150 எழுத்து நீளத் துண்டுகளாகப் படிக்கும் வழக்கமான மரபணு வரிசையாக்கத்தில், ஒரு துண்டு எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று மென்பொருளால் சொல்ல முடிவதில்லை. நம்பகத்தன்மை பூஜ்யம் என்று குறித்துவிட்டு ஏதோ ஓரிடத்தில் ஒட்டும். அதன் மேல் கட்டிய எல்லா முடிவுகளும் ஆட்டம் காணும். ஆயிரக்கணக்கானோரின் முழு மரபணுத் தொகுப்பை அலசும் பெரிய ஆய்வுகளில் இந்தப் பகுதி அடிக்கடி வெற்றிடமாக இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே ஒன்றும் தென்படவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளாகாது.

2சியின் 57ஆம் இடத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 2பியில் அந்த இடத்தில் எப்போதும் சி எழுத்து. 2சியில் உயிருள்ளதற்கு சி, செத்ததற்கு டி. இரண்டையும் பிரித்தறியாத ப்ரைமர், அதாவது பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு, போட்டால் 2பியின் இரண்டு நகலும் சேர்ந்து பெருகும். இரண்டு நகலும் செத்த 2சியாக உள்ள சாதாரண ஆளுக்கு என்ன வரும்? சி இரண்டு, டி இரண்டு. திரையில் அச்சு அசலாக ஒரு பாதி உயிருள்ள ஆள் போலத் தெரியும். பெரும்பான்மை மக்களை இப்படித் தவறாகப் பதிவு செய்துவிடலாம். உண்மையில் ஒரு நகல் உயிருள்ளவருக்கு சி மூன்று, டி ஒன்று, அதாவது சி 75 சதவீதம். 2சியில் ஒரு நகலை இழந்து மிச்சம் ஒன்று செத்திருப்பவருக்கு சி இரண்டு, டி ஒன்று, 67 சதவீதம். மூன்று நகல் இருந்து அதில் ஒன்று மட்டும் உயிருள்ளவருக்கு சி மூன்று, டி இரண்டு, 60 சதவீதம். சாங்கர் என்ற வரிசையாக்க முறையின் வரைபடத்தில் 60, 67, 75 சதவீதங்களைச் சிகர உயரத்தை வைத்துப் பிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தீர்வு 2சியின் பிறப்பிலேயே இருக்கிறது. முன்பகுதியில் 2பிக்கும் 2சிக்கும் பொதுவான ஒரு ப்ரைமர், பின்பகுதியில் 2ஏக்கும் 2சிக்கும் பொதுவான ஒரு ப்ரைமர். 2பி முன்னால் ஒட்டும், பின்னால் ஒட்டாது. 2ஏ பின்னால் ஒட்டும், முன்னால் ஒட்டாது. இரண்டு முனையிலும் ஒட்டுவது 2சி மட்டும். பல ஆயிரம் எழுத்து நீளத்தைப் பெருக்க வேண்டியிருப்பதால் டிஎன்ஏ உடையாமல் இருக்க வேண்டும். பல முறை உறைந்து உருகிய பழைய மாதிரிகள் இங்கே தோற்றுப்போகும். தோற்றவற்றை மட்டும் வேறு முறையில் பார்த்துச் சேர்ப்பது இன்னும் மோசம், ஏனென்றால் நோயாளிகளின் மாதிரிகள்தான் பெரும்பாலும் பழையவை.

நகல் எண்ணிக்கைக்கு எம்எல்பிஏ என்ற முறை பழகிய கை. 50 முதல் 100 நானோகிராம் டிஎன்ஏ, 98 டிகிரியில் பிரித்து, ஆய்வுத் துண்டுகளை 60 டிகிரியில் இரவு முழுக்க, 16 முதல் 20 மணி நேரம், ஒட்டவிட்டு, 54 டிகிரியில் 15 நிமிடம் இணைத்து, 35 சுற்று பெருக்கி, நுண்குழாயில் ஓட்டிச் சிகரங்களை அளப்பது. ஒப்பீட்டு விகிதம் 0.80க்கும் 1.20க்கும் இடையே வந்தால் இரண்டு நகல், 0.40 முதல் 0.65 என்றால் ஒன்று, 1.30 முதல் 1.65 என்றால் மூன்று. இடைவெளியில் விழுந்தால் திரும்பச் செய்ய வேண்டும்; மனதுக்குப் பிடித்த பக்கம் தள்ளக் கூடாது. இங்கே இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, ஒப்பீட்டு மாதிரிகள் நோயாளி மாதிரிகளைப் பிரித்தெடுத்த அதே முறையில் பிரித்தெடுக்கப்பட வேண்டும். உப்பு மிஞ்சினால் சிகரங்கள் ஒழுங்கற்று ஆடும். இரண்டு, வேறு மரபணுக்களுக்கு ஆரோக்கியமான யாரையும் ஒப்பீட்டுக்கு வைக்கலாம், இங்கே முடியாது. ஆரோக்கியமானவர்களிலேயே நகல் எண்ணிக்கை மாறுவதால், இரண்டு நகல்தான் என்று முன்பே உறுதி செய்தவர்களை வைத்தே ஆரம்பிக்க வேண்டும்.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை, ஹார்டி வைன்பெர்க் கணக்கு: ஒரு எழுத்து எவ்வளவு பரவியிருக்கிறது என்பதிலிருந்து இரட்டை, கலப்பு விகிதங்களைக் கணிப்பது. 3ஏயில் வேலின் எழுத்து 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரட்டை வேலின் சுமார் 12 சதவீதம், கலப்பு 45 அல்லது 46 சதவீதம், இரட்டை ஃபெனைல்அலனின் 42 சதவீதம் வர வேண்டும். ஆரோக்கியமானோர் குழுவில் கலப்பு 70 சதவீதம் என்று வந்தால், அந்த மக்களிடம் விசேஷம் எதுவும் இல்லை, 3பி உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கைக் காட்டாத ஆய்வுக் கட்டுரையின் முடிவுப் பகுதிக்குப் போவதில் பயனில்லை.

அப்புறம் ஆட்களின் எண்ணிக்கை. ஒரு எழுத்து ஆபத்தை 1.3 மடங்கு கூட்டுகிறது, அது 35 சதவீதம் பரவியிருக்கிறது என்று கொள்வோம். அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க நோயாளிகள் சுமார் 480 பேர், ஒப்பீட்டுக்கு அதே அளவு பேர் வேண்டும். ஐந்து மரபணுக்களைச் சோதித்ததற்காக வரம்பை இறுக்கினால் குழுவுக்கு 700க்கு மேல். ஐடிபியோ ஆண்டுக்கு லட்சத்தில் சில பேருக்குத்தான் வருகிறது. நூறு பேரை வைத்து நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. போதாக்குறைக்கு, ஐடிபி என்ற பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஜிபி 1பியைப் பிடிக்கும் சில ஆன்டிபாடிகள் தட்டணுவின் மேலிருக்கும் சயாலிக் அமிலத்தை இழக்கச் செய்கின்றன. அப்படிப்பட்ட தட்டணுவைக் கல்லீரல் தன் சொந்த ஏற்பியால் பிடித்துக்கொள்கிறது, எஃப்சி ஏற்பிக்கு அங்கே வேலையே இல்லை. சிலரில் டி செல்களே நேரடியாகத் தாக்குகின்றன. இவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த ஏற்பியின் பங்கும் நீர்த்துத்தான் தெரியும்.

மருந்துகள் சொல்லும் கதை

மரபணு ஆய்வுகள் தயங்கும் இடத்தில் சிகிச்சைகள் தெளிவாகப் பேசுகின்றன. 1916இல் பிராகில் பால் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர் சொன்ன யோசனைப்படி மண்ணீரல் அகற்றப்பட்டபோது தட்டணு ஏறியது. அந்த அறுவை சிகிச்சை இன்றும் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு நீடித்த பலன் தருகிறது. (நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதை யாரும் மறக்கக் கூடாது.) 1981இல் பெர்ன் நகரில் பால் இம்பாக், குழந்தைகளுக்கு நரம்பு வழி இம்யூனோகுளோபுலினைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்து எண்ணிக்கையை உயர்த்தினார். இன்று கிலோவுக்கு 1 கிராம் வீதம் ஒன்று அல்லது இரண்டு நாள் கொடுப்பது வழக்கம். சில நாள்களில் ஏறும், சில வாரங்களில் இறங்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஏற்பிகளை அடைத்துவிடுவது, 2பியைக் கூட்டுவது, ஆன்டிபாடியின் ஆயுளைக் காக்கும் எஃப்சிஆர்என் ஏற்பியை நிரப்பிவிடுவது என்று பல விளக்கங்கள் உண்டு. எலியில் காட்டியது எல்லாம் மனிதரில் நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆர்எச் பாசிட்டிவ் ரத்த வகையினருக்குத் தரும் ஆன்டி-டி, அதாவது சிவப்பணுவின் டி புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி, இன்னும் தந்திரமானது. கிலோவுக்கு 50 முதல் 75 மைக்ரோகிராம் கொடுத்தால் சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடி படர்கிறது. மண்ணீரல் அவற்றை விழுங்குவதில் மூழ்கித் தட்டணுவை விட்டுவிடுகிறது. மண்ணீரல் இல்லாதவருக்கும், ஆர்எச் நெகட்டிவ் ஆனவருக்கும் பயனில்லை. ஹீமோகுளோபின் சற்று இறங்குவது எதிர்பார்த்ததே. ஆனால் அபூர்வமாக ரத்தக்குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்து, ஊசிக்குப் பின் எட்டு மணி நேரம் கண்காணிக்கச் சொன்னது. சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனை ஏற்கெனவே பாசிட்டிவ் என்றால் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

3ஏயை நேரடியாக அடைக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1986இல் எதற்கும் மசியாத ஐடிபி உள்ள ஒருவருக்கு 3ஏக்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்தபோது தட்டணு ஏறியது. ஆனால் அதே ஆன்டிபாடி நியூட்ரோஃபிலின் 3பியையும் பிடிக்கும், எனவே நியூட்ரோஃபிலும் குறைந்தது. ஆய்வகத்தில் ப்ரைமரைக் குழப்பும் அதே ஒற்றுமை இங்கே மருந்தையும் குழப்பியது.

பிறகு வந்தவர்கள் ஏற்பியை விட்டுவிட்டு அதன் கீழே போனார்கள். ஃபோஸ்டமாடினிப் சிக் நொதியை அடைக்கிறது. எந்த எழுத்து கொண்ட ஏற்பியாக இருந்தாலும் சமிக்ஞை அந்த வழியாகத்தானே போக வேண்டும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 100 மில்லிகிராம் தினம் இரு வேளை, நான்கு வாரத்தில் போதிய ஏற்றம் இல்லையென்றால் 150. வயிற்றுப்போக்கும் ரத்த அழுத்த உயர்வும் வரும், கல்லீரல் நொதிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதிக்கு அடிப்படையான சோதனைகளில் நிலையான பலன் 18 சதவீதம், போலி மாத்திரைக்கு 2 சதவீதம். பல சிகிச்சைகளில் தோற்றவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பது உண்மை. இருந்தாலும், எஃப்சி வழியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைத்திருந்தவர்கள் அந்த 18ஐச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

ரிடுக்சிமாப் மருந்தில் 158 வேலின் மறுபடியும் தலைகாட்டுகிறது, இம்முறை நோயாளியின் பக்கம். 2002இல் ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற பி செல் புற்றுநோய் உள்ளவர்களில் இரட்டை வேலின் உள்ளவர்களுக்கு அந்த மருந்து நன்றாகக் கேட்டது, ஏனென்றால் மருந்தும் ஓர் ஐஜிஜி1தான், பி செல்லை அழிக்க அதற்கும் 3ஏ வேண்டும். தட்டணுவை அதிகம் விழுங்கும் அதே வடிவம், ஆன்டிபாடி உற்பத்தி செய்யும் செல்லையும் அதிகம் அழிக்கிறது. ஒரு எழுத்தை நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எந்த மரபணுச் சோதனையை எப்போது கேட்பது

ஐடிபி உள்ள ஒருவர் தன் எஃப்சி ஏற்பி மரபணுக்களைச் சோதித்துக்கொள்ளலாமா? வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையில் ஒரு மாத்திரை கூட மாறாது. 30 ஆயிரத்துக்கு மேல் எண்ணிக்கை இருந்து ரத்தக் கசிவு இல்லாத பெரியவரைக் கவனித்துக்கொண்டிருப்பதும், ரத்தக் கசிவு இல்லாத அல்லது லேசாக உள்ள குழந்தையை எண்ணிக்கை எதுவாயினும் பொறுத்திருந்து பார்ப்பதும், ஸ்டீராய்டை ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்வதும் எந்த 3ஏயையும் கேட்டு எடுக்கும் முடிவுகள் இல்லை.

அந்தப் பணத்தையும் பொறுமையையும் வேறு இடத்தில் செலவழிப்பது மேல். முதலில், எண்ணிக்கை உண்மையா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்த குழாயில் சிலருடைய தட்டணுக்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. சிட்ரேட் குழாயில் திரும்ப எடுத்து, குழாயில் உள்ள திரவத்துக்காக 1.1 ஆல் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து ரத்தப் பூச்சை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ராட்சதத் தட்டணுக்களோடு குடும்பத்தில் காது கேளாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் எம்ஒய்எச்9 மரபணு. ராட்சதத் தட்டணுவும் எண்ணிக்கைக்குப் பொருந்தாத ரத்தக் கசிவும் என்றால் பெர்னார்ட் சூலியர். எக்சிமாவோடு மிகச் சிறிய தட்டணுக்கள் உள்ள ஆண் குழந்தை என்றால் விஸ்காட் ஆல்ட்ரிச். இவை ஐடிபி என்று பெயர் சூட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு வாங்கி, சில சமயம் மண்ணீரலையும் பறிகொடுக்கும் நோய்கள். அங்கே மரபணுச் சோதனை ஒரு மண்ணீரலைக் காப்பாற்றும்.

தட்டணுவோடு சிவப்பணுவும் அழியும் ஈவன்ஸ் நோய், கூடவே வீங்கிய நிணநீர்க் கட்டிகள், ஐஜிஜி குறைவு, அடிக்கடி தொற்று, குடல் அழற்சி, இளம் வயது என்று இருந்தால் வேறு பட்டியலை எடுக்க வேண்டும்: ஃபாஸ், சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ, ஸ்டாட்3, பிஐகே3சிடி. இவை ஆபத்தைச் சற்றே கூட்டும் பொது எழுத்துகள் இல்லை, ஒற்றை மரபணுப் பழுதுகள். சிடிஎல்ஏ4 அல்லது எல்ஆர்பிஏ என்று தெரிந்தால் அபடசெப்ட், ஃபாஸ் என்றால் சிரோலிமஸ் என்று சிகிச்சையே திசை மாறும். இம்யூனோகுளோபுலின் அளவை இரத்தத்தில் பார்ப்பதை நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன் செய்துவிட வேண்டும். ஏற்றிய பின் எடுத்தால் வேறொருவருடைய ஐஜிஜியைத்தான் அளப்போம். அவசரத்தில் தினமும் தவறவிடப்படும் படி இது.

தன்னுடல் தாக்கு ரத்தக்கசிவு என்றாலே தட்டணு என்று நினைத்துவிடவும் கூடாது. பெறப்பட்ட ஹீமோஃபீலியாவில் ஆன்டிபாடி, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதத்தைத் தாக்குகிறது. தோலில் செம்புள்ளிக்குப் பதில் தசைக்குள்ளும் தோலடியிலும் பெரிய ரத்தக்கட்டுகள். தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் இரண்டு சோதனைகளில் பிடி சரியாக இருக்கும், ஏபிடிடி மட்டும் நீளும். நல்ல பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துத் திரும்ப அளந்தால் நீட்சி சரியாகாது. கலந்த உடனே மட்டும் பார்த்தால் சரியாகிவிட்டது போல ஏமாற்றும். இங்கே ஆன்டிபாடி காரணியின் வேலையைத் தானே முடக்குகிறது, மேக்ரோஃபேஜ் வந்து விழுங்க வேண்டிய தேவை இல்லை. அதற்கேற்ப, இந்த நோயில் இதுவரை தென்பட்ட மரபணுத் தொடர்புகள் எச்எல்ஏ என்ற நோயெதிர்ப்பு மரபணுக் குடும்பத்தின் டிஆர்பி1 16, டிக்யூபி1 0502, அதோடு சிடிஎல்ஏ4 என்று எல்லாம் ஆன்டிபாடியை உருவாக்கும் பக்கத்தைச் சேர்ந்தவை.